விதை வயலின் தெற்கு மூலை

தின்கன்ஜூன், யாங்கோன்
14 ஏப்ரல் 2024, சித்திரை முதல் நாள்

மகன் உதயசூரியனுக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத வார்த்தை அகப்படவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போனில் பேசு பேசு என்கிறாய். பேசினால் பாதியில் லைன் போகிறது, இல்லாவிட்டால் கரண்ட் போகிறது. குரல் கேட்டு முடிந்ததும் கையில் ஒன்றும் இல்லை. தாள் என்றால் மடித்து வைத்துக்கொள்ளலாம். நான் எழுதிக் கொடுத்தால் பக்கத்து வீட்டு மெஹ்ரீன் போட்டோ பிடித்து, லைன் கிடைக்கிற நேரத்தில் உனக்கு அனுப்புகிறேன் என்கிறாள். நீயும் தாளில் எழுதி அதே மாதிரி அனுப்பு, அவள் கடையில் அச்சடித்துத் தருவாள். அவளுக்குத் தமிழ் பேச்சுதான் வரும், எழுத்து தெரியாது. அதனால் தைரியமாக எழுதலாம். நேற்று, "இவ்ளோ எழுதுறீங்களே மாமி, என்னைப் பத்திக் கோள் எழுதுறீங்களா?" என்று கேட்டாள். "ஆமாடி, உனக்கு அரிசி களையத் தெரியாதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்" என்றேன். அப்பா போன பிறகு நான் சிரித்தது அது ஒன்றுதான்.

அப்பா போய் இன்றைக்கு முப்பத்து மூன்று நாள். வெளியே தண்ணீர்த் திருவிழா. தெருவில் பிள்ளைகள் வாளி வாளியாக ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள். உன் வயதுப் பையன்கள் பெயரையெல்லாம் பட்டாளத்துக்கு என்று வார்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். அதனால் உன்மேல் குறை சொல்லவில்லை. கொள்ளி வைத்தது உன் சித்தப்பா மகன் தனசேகரன். நன்றாகத்தான் செய்தான். ஆனால் ஒன்று நடக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், உன்னிடம் சொல்கிறேன்.

மறுநாள் எலும்பு எடுத்த பிறகு, எரித்த இடத்தைக் கொத்திவிட்டு ஒன்பது தானியமும் விதைத்துப் பால் தெளிக்க வேண்டும் அல்லவா. இப்போது எரிக்கிறது கேஸ் அடுப்பில். சாம்பலைச் சட்டியில் போட்டுக் கையில் தந்தார்கள். தரை முழுக்க சிமெண்ட். தனசேகரன் தானியத் தட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். "பெரியம்மா, இத எங்க போடுறது?" என்று கேட்டான். அங்கே வேலை பார்க்கிற பர்மாக்காரர், கீழே கொட்டாதீர்கள், எலி வரும் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

நாற்பது வருஷம் பயின்நவுங் சந்தையில் பருப்புக் கிடங்கில் வேலை பார்த்த மனுஷன். உளுந்து, துவரை, கடலை, எத்தனை ஊர்ப் பயறு அவர் கையில் போயிருக்கும். மூட்டையில் கை விட்டு எடுத்தாரென்றால் கலப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு பிடி தானியம் விதைக்க இந்த ஊரில் ஒரு முழ மண் கிடைக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. காலையில் பட்டாணி அவித்து நாண்ரொட்டிக் கடை வாசலில் வைத்து விற்கிறேன், அந்த நேரம் மட்டும் கை கால் நிற்கிறது.

நீ வயலிலேயே இருக்கிறாய். கண்ணுக்கு எட்டிய மட்டும் மண் என்று போனில் சொன்னாய். நீ அவர் பெற்ற பிள்ளை. அங்கே விதை. வீட்டு ஓரத்தில், குப்பை மேட்டில் போடாதே. உழுது பயிர் வைக்கிற நல்ல வயலில், தெற்கு மூலையில் போடு. பால் தெளி. இது ஒன்று நடந்துவிட்டால் நான் ஒரு இடத்தில் உட்காருவேன் என்று நினைக்கிறேன்.

உன் அம்மா
சொர்ணம்மாள்

*

சஸ்காட்சுவான், கனடா
27 மே 2024

அன்பு அம்மாவுக்கு,

தமிழில் எழுதி நாளாகிவிட்டது. நடுநடுவே பர்மிய எழுத்து வந்துவிடுகிறது, அடித்து அடித்து எழுதுகிறேன். சிரிக்காமல் படிக்கவும்.

அம்மா, விதைத்துவிட்டேன். மே பதினெட்டு, சனிக்கிழமை காலை. இந்தியர் கடை இருக்கிற ஊருக்குப் போய் வர ஐந்து மணி நேரம். ஒன்பதும் வாங்கினேன். கடைக்காரர், கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் எங்கே விதைத்தேன் என்று உனக்குப் புரியும். என் முதலாளி லாயிட்டின் அப்பா காலத்தில் முழுக்கக் கோதுமைதான். பிறகு லாயிட் கனோலா சேர்த்தார். கடுகு மாதிரி மஞ்சளாகப் பூக்கும், எண்ணெய்க்குப் போகும். இருபது வருஷமாக ஒரு வருஷம் அது, மறு வருஷம் இது. இப்போது மண்ணில் வேர் நோய் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்பு மழையும் ஏமாற்றியதில் இரண்டுமே சேர்ந்து போயிற்றாம். "ரெண்டு காலும் ஒரே பள்ளத்துல வெச்சிருந்தேன்" என்கிறார். அதனால் நிலத்தைப் பிரித்து மைசூர்ப் பருப்பு, பட்டாணி, ஆளிவிதை என்று மாற்றி மாற்றிப் போடத் தொடங்கியிருக்கிறார். பருப்புச் செடி மண்ணுக்கே உரம் போட்டுவிட்டுப் போகும், அடுத்த வருஷக் கோதுமைக்கு உரம் பாதி போதும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேலி பண்ணுகிறார்கள். லாயிட் சளைக்கவில்லை. என்னை வேலைக்கு எடுத்ததே, என் அப்பா பருப்புக் கிடங்குக்காரர் என்று நான் சொன்னதால்தான்.

இந்த வருஷம் ஒரு வயலை மட்டும் விதைப் பருப்புக்கு என்று வைத்திருக்கிறார். மற்ற விவசாயிகள் விதைக்கு வாங்குவது. அதில் வேறு பயிர் எதுவும் கலக்கக் கூடாது. ஜூலையில் ஒருவர் வந்து வயலுக்குள் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அது தேறினால் குளிர்காலத்திலும் எனக்கு இங்கே வேலை இருக்கும். வேலை இருந்தால் நான் தங்குவதற்கான தாளில் லாயிட் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் அக்டோபரோடு என் அனுமதி முடிகிறது. அதற்குப் பிறகு எங்கே போவது என்று உனக்கும் தெரியும்.

அந்த வயல்தான் இங்கே இருப்பதிலேயே நல்ல மண். நீ நல்ல வயலில் என்று எழுதியிருந்தாய். அதன் தெற்கு மூலையில் விதைத்தேன். காற்று பெரிது இங்கே, கையை விட்டதும் நாலா பக்கமும் பறந்துவிட்டது. முளைத்ததைப் பார்த்ததும் பிடுங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறேன். பால் தெளித்தபோது, பெட்டியில் வருகிற குளிர்ந்த பால், அப்பா கேட்டால் என்ன சொல்வார் என்று சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை.

உதயன்

*

தின்கன்ஜூன்
9 ஜூன் 2024

என் மகனுக்கு,

உன் கடுதாசியை மெஹ்ரீன் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாள். எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பில் கிழிந்துவிட்டது, பின்னால் காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். பட்டாணிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

நீ விதைத்தாய் என்று படித்த அன்று மத்தியானம் தூங்கினேன். மூன்று மாதத்தில் பகலில் கண் மூடியது அன்றுதான். என்னென்ன முளைத்தது என்று எழுது. ஒவ்வொன்றாக எழுது.

லாயிட் ஐயா செய்வது சரி. உன் அப்பா ஊர் த்வாண்டேயில் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்து தெளிப்பார்களே, உழுவது கூட இல்லாமல். மண் சும்மா இருக்கக் கூடாது, ஒன்றையே தின்னவும் கூடாது. நானும் போன வருஷம் பட்டாணி கிடைக்காதபோது கொண்டைக்கடலை அவித்தேன். முதல் நாள் வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், நாலாம் நாள் கேட்டு வாங்கினார்கள். இதை அவரிடம் சொல். உன் அப்பா இருந்தால் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இங்கே பருப்புப் பொறுக்கினவன் மகன், உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்ப் பருப்பு விதைக்கிறான் என்று.

ஒரு சேதி. மெஹ்ரீனின் அண்ணன் ஆசிக் பெயர் பட்டாளச் சீட்டில் விழுந்துவிட்டது. அடுத்த மாதம் போக வேண்டும். அவன் அம்மா ஃபஹீமா ஒரு நாள் அழுகிறாள், ஒரு நாள் யாரைப் பார்த்தாலும் சண்டை போடுகிறாள். தனசேகரன் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைப் பக்கம் போய்விட்டான். எங்கே என்று தெரியாது.

இன்னொன்று. முளைத்ததைப் பிடுங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். பிடுங்காதே. ஒரு பிடி தானியம் அந்தப் பெரிய வயலில் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது. நிற்கட்டும்.

அம்மா

*

சஸ்காட்சுவான்
14 ஜூலை 2024

அம்மா,

முளைத்து நிற்பது ஆறு. நெல் வரவில்லை, கொள்ளு வரவில்லை. எள் இரண்டு இலை விட்டுக் குளிரில் கருகிவிட்டது. துவரை ஒரு விரல் உயரம், அப்படியே நிற்கிறது, ஊர் பிடிக்காத மாதிரி. பச்சைப்பயறும் உளுந்தும் பரவாயில்லை. கோதுமையும் கொண்டைக்கடலையும் இந்த ஊருக்குப் பழக்கம், நன்றாக இருக்கின்றன. மொச்சைதான் ஆச்சரியம். கொடி ஓடிப் பருப்புச் செடிமேல் படுத்துக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் கேட்க வேண்டும். வயல் பார்க்கிறவர் இருபத்துநாலாம் தேதி வருகிறார். காற்றில் சிதறியதால் முப்பது அடிக்கு அங்கொன்று இங்கொன்றாக நிற்கிறது. நேற்று சாயங்காலம் போய்க் குனிந்தேன். மொச்சையைப் பிடித்துவிட்டேன், இழுக்க வரவில்லை. நீ பிடுங்காதே என்று எழுதியிருக்கிறாய்.

அம்மா, நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

உதயன்

*

தின்கன்ஜூன்
17 ஜூலை 2024

உதயசூரியனுக்கு,

உன் கடுதாசி வந்தது. படித்துவிட்டு அடுப்பில் பட்டாணி இருந்ததை மறந்துவிட்டேன். அடிப்பிடித்து ஒரு சட்டி போனது. அன்றைக்கு விற்கப் போகாமல் கதவைச் சாத்திவிட்டேன்.

ஐந்து நிமிஷ வேலை என்கிறாய். உன் அப்பாவை அடுப்புக்குள் தள்ளினதும் ஐந்து நிமிஷம்தான். கதவு மூடினார்கள், முடிந்துவிட்டது. நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உன் அப்பா நாற்பது வருஷம் மற்றவன் மூட்டையில் கலப்புப் பொறுக்கினார். கண் மங்கிப் போனது அதனால்தான். இப்போது அவருக்காக முளைத்ததையே கலப்பு என்று நீ பொறுக்கி எறியப் போகிறாயா. உனக்குக் கை வந்தால் செய். என்னிடம் சரி என்று வாங்கிக்கொண்டு செய்யாதே. நான் சொல்ல மாட்டேன்.

ஆசிக் நேற்றுப் போனான். வண்டியில் ஏறும்போது ஃபஹீமா அவன் சட்டைப் பையில் பேரீச்சம்பழம் திணித்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கால் வலிக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

சொர்ணம்மாள்

*

சஸ்காட்சுவான்
28 ஜூலை 2024

அம்மாவுக்கு,

நான் பிடுங்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி அந்த ஆள் வந்தார். வடக்குப் பக்கத்திலிருந்து நடந்தார், லாயிட்டும் நானும் பின்னால். பாதி வயல் வரைக்கும் நல்ல வயல், நல்ல வயல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோதுமையையும் கடலையையும் பார்த்தபோது கூட, இது எங்கேயும் வரும், பிடுங்கிவிடலாம் என்றார். பிறகு மொச்சைக் கொடியைக் கையில் எடுத்தார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று லாயிட்டைக் கேட்டார். லாயிட்டுக்குத் தெரியவில்லை. பத்தடி தள்ளி உளுந்து. அதுவும் தெரியவில்லை. பெயர் தெரியாத செடி நிற்கிற வயலுக்கு, அதுவும் முதல் வருஷம், கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

எனக்குப் பெயர் தெரியும் என்று நான்தான் சொன்னேன். ஒன்பதையும் லாயிட்டிடம் சொன்னேன். ஏன் விதைத்தேன் என்றும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார். நாலு நாளாக வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அந்த வயல் இனிச் சாதாரணப் பருப்பாகத்தான் போகும், சாப்பாட்டுக்கு. விதைக்கு இல்லை. என் தாள் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொல்லாவிட்டாலும் என்னால் முடிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். எழுது.

உதயன்

*

சஸ்காட்சுவான்
18 ஆகஸ்ட் 2024

அம்மா,

மூன்று வாரமாக உன் கடுதாசி இல்லை. மெஹ்ரீனைக் கேட்டால், மாமி நல்லா இருக்காங்க, எழுதிக் கிழிச்சுக் கிழிச்சுப் போடுறாங்க என்கிறாள். கிழிக்காமல் அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லாயிட் என் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. உட்கார நாற்காலி இல்லை, கட்டிலில் உட்கார்ந்தார். "உங்க அப்பா கிடங்குல என்ன வேலை செஞ்சார், திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். சல்லடையில் தட்டுவது, முறத்தில் புடைப்பது, கையால் பொறுக்குவது எல்லாம். "உனக்கு வருமா?" என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதானே இருப்பேன், வரும் என்றேன்.

அவர் சொன்னது இது. முன்பு கோதுமையும் கனோலாவும் மட்டும் இருந்தபோது, அறுத்ததும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவாராம், குளிர்காலத்தில் வேலையே கிடையாது. இப்போது பருப்பு, பட்டாணி, ஆளி என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சலித்து, சுத்தம் பண்ணி, தனியாக வைக்க வேண்டும். ஒன்றில் ஒன்று கலந்தால் அவ்வளவுதான். பழைய சுத்தம் செய்கிற இயந்திரம் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. அதை ஓட்டவும், அது விட்டதைக் கண்ணால் பிடிக்கவும் ஆள் வேண்டும். "நீ கலந்ததை நீயே எடு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் கோபமாகவும் சொல்லவில்லை. தாளில் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார்.

ஆனால் அம்மா, அந்தத் தாளுக்கு எழுதிப் போட்டால் முடிவு வரும் வரை நான் இங்கேயே இருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அப்பாவின் முதல் திவசத்துக்கு வர முடியாது. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றாலும் முடியாது. அதனால் உன்னைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மாத முடிவுக்குள் சொல்லச் சொல்கிறார்.

இன்னொன்று. அடுத்த வாரம் அந்த வயலை அறுக்கிறோம். அறுக்கிற வண்டி நம் வீட்டைவிடப் பெரிது. லாயிட் கேட்கச் சொன்னார். உன் அம்மாவுக்கு வேண்டுமென்றால் அந்த மூலையை விட்டுவிட்டுச் சுற்றிப் போகிறேன் என்கிறார்.

இரண்டுக்கும் பதில் எழுது.

உதயன்

*

தின்கன்ஜூன், யாங்கோன்
25 ஆகஸ்ட் 2024

என் மகன் உதயனுக்கு, அம்மா.

இது எட்டாவது தாள். ஏழைக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை, மெஹ்ரீனை வாசலிலேயே உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவள் இப்போதெல்லாம் கோள் எழுதுகிறீர்களா என்று கேட்பதில்லை. அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஃபஹீமா தினமும் இரண்டு தட்டு சோறு போடுகிறாள், ஒன்றை மூடி வைக்கிறாள், சாயங்காலம் எடுத்துக் கொட்டுகிறாள். நேற்று என்னிடம் வந்து, "ஒங்க மவன் எங்கயோ உசுரோட இருக்கான்னு தெரியுதுல்ல, அது போதும்க்கா" என்றாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

உன் அப்பாவைப் பெற்ற ஆத்தா போனது த்வாண்டேயில். அப்போது நீ பிறக்கவில்லை. அங்கே மண் தரை, கட்டை வைத்துத்தான் எரித்தோம். உன் அப்பாதான் ஒன்பது தானியமும் விதைத்தார். நன்றாக முளைத்தது. நாலாம் நாள் நானும் அவரும் பார்க்கப் போனால் யாரோ விட்ட மாடு அதை மேய்ந்துகொண்டிருக்கிறது. பாதி தின்றுவிட்டது. நான் கல்லை எடுத்து ஓடினேன், அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொளைச்சதப் பாத்தோம்ல, அதோட சரி. அதுக்கு மேல அது மாட்டுப் பாடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வருகிற வழியில் டீ வாங்கித் தந்தார்.

இது எனக்கு மறக்கவில்லை. ஜூலையில் நீ பிடுங்கட்டுமா என்று கேட்டபோதும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும்தான் உனக்கு அப்படி எழுதினேன். கலப்பு, பொறுக்குவது என்று உன் மனசில் குத்துகிற மாதிரி தேடி எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். அந்த வயல் தேறாவிட்டால் தாள் இல்லை, தாள் இல்லாவிட்டால் அக்டோபரில் நீ வந்துவிடுவாய். இதை நான் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்து நினைக்கவில்லை. படி ஏறும்போதும் இறங்கும்போதும் அது கூடவே வந்தது. வந்தால் உன்னை யார் கொண்டுபோவார்கள் என்று தெரியும். ஆசிக்கை வண்டியில் ஏற்றியதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அதே கையால் அந்தக் கடுதாசியை எழுதினேன். அவர் போன வீட்டில் உன் செருப்புச் சத்தம் ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. நினைத்தேன்.

ஆக, உன் வயலைக் கெடுத்தது மொச்சை இல்லை, நான்தான். லாயிட் ஐயாவிடம் இதை நீ எப்படிச் சொல்வாயோ சொல். அவர் மூன்று வருஷமாக மண்ணைத் தேற்றிக்கொண்டு வந்ததில் நான் கை வைத்துவிட்டேன். பட்டாணி அவிக்கிறவள், பயிர் பச்சை தெரிந்தவள், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மன்னிக்கச் சொல். அப்படியும் அவர் கேட்டு விட்டிருக்கிறார், மூலையைச் சுற்றிப் போகட்டுமா என்று. படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பொட்டலத்தை இந்த மாதம் எடுத்தேன். வண்டு விழுந்திருந்தது. விழாததைப் பொறுக்கி எடுத்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் மண் போட்டுச் சன்னல் மேல் வைத்து விதைத்தேன். ஒன்பதில் ஏழு வந்தது. நெல்லும் வந்தது, உன் ஊரில் வராதது. நாலாம் நாள் காலையில் புறா ஒன்று வந்து கம்பியில் உட்கார்ந்தது, பிறகு மூன்று வந்தன. நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் துடைப்பம் இருந்தது. விரட்டவில்லை. எல்லாவற்றையும் கொத்திவிட்டுப் போயின. தகரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

தாளில் கையெழுத்துப் போடு. இரண்டு வருஷமோ கூடவோ, இரு. திவசத்துக்கு நான் கோயிலில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு வந்தால் மெஹ்ரீன் இருக்கிறாள், அரிசிதான் களையத் தெரியாது. என் பேச்சைக் கேட்டுத் திரும்பி வராதே. நான் நடுவில் எப்போதாவது வா என்று எழுதினாலும், போனில் அழுதாலும் வராதே. இந்தத் தாளை வைத்துக்கொள், அப்போது இதை எடுத்துப் படி.

குளிர்காலத்தில் பருப்புச் சுத்தம் பண்ணும்போது வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும்படி உட்கார். அப்பா அப்படித்தான் உட்காருவார். ஒரே மூச்சாகப் பார்த்தால் கண் ஏமாற்றும், நூறு பிடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும் என்பார். கிடங்கில் அவருக்குப் பார்க்கச் சுவர்தான் இருந்தது. உனக்கு வயல் இருக்கிறது.

அறுக்கிற அன்று அந்த மூலையில் ஒரு நிமிஷம் நின்று, முளைத்ததை அம்மாவும் பார்த்துவிட்டாள் என்று அவரிடம் சொல்லு. பிறகு நகர்ந்துகொள். லாயிட் ஐயா சுற்றிப் போக வேண்டாம். நேரே ஓட்டச் சொல்.

உன் அம்மா
சொர்ணம்மாள்